பிள்ளையாருக்குப் போன டோக்கன்

சத்தியம்! தெருவே கேட்கும்படி கத்திச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் மீசை உதிர்ந்து நான் குடிக்கிற காபியில் விழட்டும். எழுபத்தாறு வயதில் எனக்கு மிச்சமிருப்பது மீசையும் நல்ல பல்லும்தான். டாக்டர் பரோட்டாவை நிறுத்தச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. என் மருமகள் கோமதி அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். ஆகவே பரோட்டா விஷயத்தில் ஆசாபாசம் இல்லாமல் பேசக்கூடியவன் அருப்புக்கோட்டையிலேயே நான் ஒருவன்தான்.

எங்கள் தெருவில் காளிராஜன் சைவப் பரோட்டாக் கடை நடத்துகிறார். அவர் மாவை வீசி அறைகிற சத்தத்தை இடி என்று நினைத்து மூன்று தெரு தள்ளிக் காயப்போட்ட துணியை எடுத்திருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குக் கல் சூடானதும் முதல் தட்டு பிள்ளையாருக்கு. அவர் இருக்கிற மாடத்துக்கு இரண்டு பக்கமும் திறப்பு: இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் சந்து. தட்டை வைத்துத் திரையை இழுத்துவிட்டுக் காளிராஜன் பத்து நிமிடம் கண்ணை மூடி நிற்பார். திரையை விலக்கினால் தட்டு காலி. சால்னாகூட வழித்தெடுத்த மாதிரி இருக்கும். சந்துப் பெஞ்சில் உட்கார்ந்து நான் தினமும் பேப்பர் படிப்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

கடையில் கூட்டம் பெருகி, ஒருவர் கேட்ட தட்டு இன்னொருவர் மேசைக்குப் போகத் தொடங்கியது. தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா வந்தாள். சின்னக் கடைகளுக்கு மிஷின் மாட்டிக்கொடுத்துப் பராமரிப்பது அவள் வேலை. பொத்தானை அழுத்தினால் டோக்கன் வரும். அடுக்களையில் மாட்டிய கம்ப்யூட்டர் திரையில் எண் விழும். தட்டு போனால்தான் எண் அழியும். ஒரு தட்டுக்கு ஒரு டோக்கன். நாள் மாறினாலும் எண் தொடரும்.

“காளி அண்ணாச்சி கடையில ஓடட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று தெருவில் இன்னும் ஆறு கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். ஆறும் கிடைத்தால் அவளுடைய வேலை நிலைக்கும். இது கெட்டால் மிஷினோடு அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனால் எவனும் பொத்தானைத் தொடவில்லை. “சீட்டு வாங்க நான் என்ன ரேஷனுக்கா வந்தேன்?” என்றார்கள். ஜெசிந்தா யோசித்து ஒரு பலகை எழுதி மாட்டினாள்: ‘ஆயிரமாவது தட்டைச் சாப்பிட்டு முடிப்பவருக்கு மூலை நாற்காலி ஆயுளுக்கும் சொந்தம்.’

அந்த நாற்காலிக்கு மேலேதான் காற்றாடி. கைக்கெட்டும் தூரத்தில் கல். அதற்குத் தினமும் தள்ளுமுள்ளு நடக்கும். அப்புறமென்ன? பொத்தான் தேய்ந்துபோகும் அளவுக்கு அழுத்தினார்கள்.

மிஷின் வந்த ஐந்தாம் நாள் மாலை ஏழு மணிக்கு லாரி மெக்கானிக் சந்தனராஜுக்கு ஆயிரம் விழுந்தது. தின்று முடித்து, விரலைச் சப்பிக்கொண்டே போய் நாற்காலியில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் தபாலாபீஸ் வேலம்மாள் வந்து நின்றாள். அவள் கையில் ஆயிரத்து ஐந்து.

“எந்திரிங்க தம்பி, அது என் நாற்காலி.”

“அக்கா, கண்ணாடியைப் போட்டு என் சீட்டைப் பாருங்க.”

“கண்ணாடி போட்டுத்தான் தினம் முந்நூறு தபால் பிரிக்கிறேன். அண்ணாச்சி, தினமும் மொத டோக்கன் யாருக்குக் கிழிக்கிறீங்க?”

“பிள்ளையாருக்கு” என்றார் காளிராஜன்.

ஜெசிந்தா சட்டென்று மாடத்தின் பக்கம் திரும்பினாள். இந்த வழக்கத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

“அஞ்சு நாள், அஞ்சு டோக்கன். சாப்பிட ஆளில்லாத தட்டு கணக்குல வருமா? அதைக் கழிச்சா ஆயிரமாவது என்னுதுதான்” என்றாள் வேலம்மாள்.

“ஆளில்லையா? அப்போ தட்டைக் காலி பண்ணது யாரு?” என்றான் சந்தனராஜ்.

“காக்கா!”

“காக்கா சால்னாவை வழிக்குமாம்மா?” காளிராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாப்பிட்டது அவரேதான். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. மொத டோக்கன் வாங்கினவருக்கே மொத மரியாதை. நாற்காலியில பிள்ளையாரையே உட்கார வச்சிடுறேன். ஏம்மா ஜெசிந்தா, மனுசன் எது சாமி எதுன்னு தெரியாத மிஷின் எனக்கு எதுக்கு? நாளைக்குக் கழட்டிட்டுப் போயிடு.”

வாசலில் ஆறு கடைக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“மிஷின் தப்பா எண்ணல சார்” என்றாள் ஜெசிந்தா. “ஆயிரம் தட்டு போச்சு. ஆயிரமும் காலியாத்தான் கழுவப் போச்சு.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஆயிரம் வைத்திருக்கும் சந்தனராஜ், ஆயிரத்து ஐந்து வைத்திருக்கும் வேலம்மாள், முதல் டோக்கன் வாங்கிய பிள்ளையார் — நாற்காலி யாருக்கு? மிஷின் எண்ணியது சரியா, தவறா? சொல்ல வேண்டியதை எல்லாம் மேலே சொல்லிவிட்டேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை, அநேகமாக.

விடை: நாற்காலி சந்தனராஜுக்கு. பிள்ளையாருக்கு வைத்த ஐந்து தட்டையும் காலி செய்தது காக்காவும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. சுத்தமான மனித வாய். ஆகவே சாப்பிட ஆளில்லாத தட்டு ஒன்றுகூட இல்லை. மிஷின் சொன்ன ஆயிரம் ஆயிரம்தான். மறுநாள் மாடத்தில் பேப்பர் ஓரத்தைக் கிழித்து, நடுங்கும் கையெழுத்தில் இதை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். காளிராஜன் படித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார், மிஷினைக் கழற்ற வேண்டாம் என்றார். அந்த வாரமே மற்ற ஆறு கடைகளிலும் ஜெசிந்தா மிஷின் மாட்டினாள். வேலம்மாள் மட்டும் இன்னும் காக்கா என்றே சாதிக்கிறாள். இப்போது மாடத்துத் தட்டில் இரண்டு பரோட்டா இருக்கிறது. ஒன்று பிள்ளையாருக்கு, ஒன்று ‘அவருக்கு’ என்று காளிராஜன் சத்தமாகச் சொல்லிவிட்டு, முன்னைப் போலவே கண்ணை மூடிக்கொள்கிறார். இரண்டும் நல்ல மொறுமொறுப்பு என்று கேள்வி.

இதை யார் சொன்னார்கள் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். டாக்டரிடம்கூடப் பரவாயில்லை. கோமதியிடம் வேண்டவே வேண்டாம்.