அடிவயிற்றின் நிறம்

"டீச்சர், இதைப் பார்த்தா பயமே வரமாட்டேங்குது" என்றார் சன்னாசி.

டீச்சர் தவமலர் நிமிர்ந்து பார்த்தாள். வாயில் தூரிகை இருந்தது.

குரு என்றால் மலை வேண்டும். குகை வேண்டும். குறைந்தபட்சம் தாடியாவது வேண்டும். தவமலருக்கு இருந்ததெல்லாம் பினாங்கில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

வயது முப்பத்தொன்று. வார நாள்களில் அங்கே பொய்ப்பல் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பற்களை ஓரங்கட்டிவிட்டு, அதே மேசையில் பிளாஸ்டிக் விமானமும் டாங்கியும் செய்யக் கற்றுக்கொடுப்பாள்.

சீடர்கள் இரண்டே பேர்.

ஒருவர் சன்னாசி. வயது அறுபது. பட்டர்வொர்த் ஃபெரியில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரில்தான் துறவு. மூன்று வேளையும் சோறு, நான்கு வேளையும் கோபம்.

இன்னொருவன் குப்புராஜ். டாக்சி ஓட்டுபவன். யார் குரலையும் செய்வான். டீச்சர் குரலை மட்டும் செய்ய முடியவில்லை. அவள் பேசினால்தானே?

சன்னாசி விமானத்தை மேசையில் வைத்தார். ஜப்பான்காரனின் சண்டை விமானம். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இறக்கைக்கு இறக்கை ஒரு சாண்.

மூக்கில் பல் வரைந்திருந்தார். பல்லுக்கு மேலே இரண்டு சிவந்த கண். உடம்பெல்லாம் கரி. இறக்கைக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

குப்புராஜ் சுற்றிவந்து பார்த்தான்.

"அண்ணே, இது ஏரோப்பிளேனா, முனீஸ்வரனா? வாயில சுருட்டு ஒண்ணுதான் குறைச்சல்."

"வாயை மூடுறா."

"நான் மூடிடுவேன். இது மூடாது போலிருக்கே லா!"

தவமலர் தூரிகையை வாயிலிருந்து எடுத்தாள்.

"எதுக்கு அங்கிள் பயம் வரணும்?"

சன்னாசி ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஆணியடிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"என் அத்தையைக் கொன்னது இது."

குப்புராஜ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஜப்பான்காரன் வந்த புதுசு. காலை நேரம். எங்க அப்பாவுக்கு ஏழு வயசு. தங்கச்சி அஞ்சலைக்கு நாலு. ஊரே ரோட்டுக்கு ஓடி வந்திருக்கு, வேடிக்கை பாக்க. அதுக்கு முன்னாடி யாரு அவ்வளவு ஏரோப்பிளேனைப் பாத்தா? நம்மளைக் காப்பாத்த வர்றதுன்னே பாதிப் பேரு நெனைச்சாங்களாம். அப்பா தங்கச்சி கையைப் பிடிச்சு வாசலுக்கு இழுத்துட்டு வந்தாரு."

"அப்புறம்?"

"கை தட்டு புள்ளன்னு சொன்னாரு."

சன்னாசி தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"கை தட்டணும்னா அண்ணன் கையை விடணும்ல. விட்டுச்சு. தட்டிக்கிட்டே ரெண்டு எட்டு முன்னாடி போச்சு. அவ்வளவுதான்."

குப்புராஜ் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அதுக்கப்புறம் அப்பா கை தட்டினதே இல்லை, டீச்சர். தமிழ்ப்பள்ளியில ஓட்டப் பந்தயம். நான் முதல்ல வந்தேன். எல்லா அப்பாவும் தட்டுறாங்க. எங்க அப்பா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு உட்கார்ந்திருந்தாரு. பேரன் கேக் வெட்டும்போதும் அப்படித்தான். மனுசன் கல்லுன்னு நெனைச்சேன். அம்பது வருசமா நெனைச்சேன். போன மாசம்தான் காரணத்தைச் சொன்னாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"எண்பத்தஞ்சு வயசு. கிட்னி போச்சு. இந்த மாசம் தாண்டினா ஆச்சரியம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த ஏரோப்பிளேனை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்டாங்கிறாரு. சத்தம் ஞாபகம் இருக்காம். தங்கச்சி கை ஞாபகம் இருக்காம். அது எப்படி இருந்துச்சுங்கிறது மட்டும் வரமாட்டேங்குதாம்."

"அதனால?"

"அதனாலதான் பயமா செய்யணும்! அதைப் பாத்தா, இவ்வளவு பெரிய பேய்கிட்ட ஏழு வயசுப் பையன் என்ன செய்ய முடியும்னு அவருக்கே புரியணும்."

தவமலர் எழுந்தாள். ஒரு பாயை எடுத்து ஜன்னலுக்குக் கீழே விரித்தாள்.

"படுங்க அங்கிள்."

"எங்க?"

"தரையிலதான்."

"இடுப்பு பிடிச்சிக்கும் டீச்சர்."

அவள் காத்திருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே சன்னாசி மல்லாந்து படுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூடு சரிந்து விழுந்தது.

அவள் விமானத்தை எடுத்து அவர் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

குப்புராஜ் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான். "ட்ர்ர்ர்ரூம்…"

அவள் ஒரு விரலைத் தூக்கினாள். "சத்தம் அவருக்கு ஞாபகம் இருக்கு. அது வேண்டாம்."



"என்ன தெரியுது?"

"கரி. ரத்தம். அழுக்கு."

"கை தட்டத் தோணுதா?"

"இதைப் பாத்தா? எவன் தட்டுவான்?"

"அஞ்சலை தட்டுச்சு."

சன்னாசி கையை நீட்டி விமானத்தின் மூக்கைத் தொட்டார்.

பிறகு கையூன்றி எழுந்தார். விமானத்தை அவளிடமிருந்து வாங்கினார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஸ்பிரிட் இருந்தது. தானே அதில் இறக்கினார். பல் முதலில் கரைந்தது. பிறகு கண்.

அடுத்த ஞாயிறு, விமானம் தோலுரித்த கோழிபோல மேசையில் கிடந்தது.

"அடிவயிறு என்ன நிறம் டீச்சர்?"

"பெட்டியில என்ன போட்டிருக்கு?"

"சாம்பல்."

"பல்லு என்ன நிறம்?"

"வெள்ளை."

அவள் அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். சன்னாசி தன் வாய்க்குள் பார்த்தார். மஞ்சள் இருந்தது. பழுப்பு இருந்தது. ஒரு ஓரத்தில் நீலம்கூட இருந்தது. வெள்ளை மட்டும் இல்லை.

"மணி என்ன அங்கிள்?"

"பத்து."

"அவங்க பாத்தது எத்தனை மணி?"

சன்னாசி கண்ணாடியை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். அங்கே புறாக்கள் பறந்துகொண்டிருந்தன. மேலே கறுப்பாக இருந்த புறாவெல்லாம் வயிற்றில் வெளுத்திருந்தது. தெருவின் வெயில் கீழேயிருந்து அதில் போய் ஒட்டிக்கொண்டு, திரும்பும்போதெல்லாம் மின்னியது.

கழுத்து வலிக்கும்வரை பார்த்தார். இறங்கி வந்து சாம்பலில் வெள்ளையைக் கலந்தார். பிறகு ஒரு துளி மஞ்சள். பிறகு, யாரும் சொல்லாமலே, ஊசி முனையளவு நீலம்.

அடித்தார். காயவைத்தார். தேய்த்தார். மறுபடி அடித்தார். திங்கள், செவ்வாய் என்று தினமும் மாடியேறி வந்தார். ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பல் காய்ந்தது. மறுபக்கம் இது காய்ந்தது.

வியாழக்கிழமை தூரிகையை வீசியெறிந்தார்.

"என் அத்தையைக் கொன்னதை நானே உட்கார்ந்து பளபளன்னு ஆக்குறேன் டீச்சர். எவனாவது செய்வானா? சொல்லுங்க. எவனாவது செய்வானா?"

தவமலர் இழுப்பறையைத் திறந்தாள். இன்னும் பொடிசான உப்புத்தாளை எடுத்து நீட்டினாள்.

அவர் அழுதுகொண்டே தேய்த்தார். கண்ணீர் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு அங்கேயும் தேய்த்தார்.

ஞாயிறு வந்தது. சிவப்பு வட்டத்தை இரண்டு இறக்கையின் அடியிலும் அடித்து, ஒட்டுநாடாவை உரித்தார். விளிம்பு கத்திபோல் வந்திருந்தது.

குப்புராஜ் ஒரு கேலியோடுதான் மாடி ஏறினான். அது அவன் உதட்டிலேயே தெரிந்தது. ஆனால் உள்ளே வந்ததும் வேறு என்னவோ சொன்னான்.

"ஐயோ… அழகா இருக்குண்ணே."

சொல்லிவிட்டு, கோயிலில் கெட்ட வார்த்தை சொன்னவன்போல வாயைப் பொத்திக்கொண்டான்.

சன்னாசி கண்ணாடிக் கூண்டு வாங்கி வந்திருந்தார். அடியில் மரப்பீடம், முன்னால் பித்தளைத் தகடு. தவமலர் கூண்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

"நிறுத்தி வைக்க வேணாமா டீச்சர்?"

"நின்னதை அவரு பாக்கலையே அங்கிள்."

திங்கட்கிழமை காலை பத்து மணி.

அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார் சன்னாசி. திரையை விலக்கியிருந்தார். விமானத்தைத் தவிர மேலே எதுவும் அசையக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்.

கட்டிலோரம் உட்கார்ந்தார். இடது கையால் அப்பாவின் கையைத் தொட்டார். காய்ந்த விரல்கள். அவை அவர் கையை மெதுவாகப் பற்றிக்கொண்டன.

"அப்பா."

கண்கள் திறந்தன.

சன்னாசி வலது கையால் விமானத்தை உயரத் தூக்கினார்.

கிழவர் பார்த்தார். வெயில் அடிவயிற்றில் பட்டுச் சுவரில் தெறித்தது. தூக்கிய கை வலித்தது. இறக்கவில்லை.

"இதுவா?"

"இதுதாம்பா."

"இவ்வளவு அழகாவா இருந்துச்சு?"



"ஆமாப்பா. அழகாத்தான் இருந்துச்சு."

"அவளும் அதான் சொன்னா."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. தேய்ந்து மறைந்தது.

கிழவரின் உதடு அசைந்தது. அப்போது வந்த குரலைக் குப்புராஜால்கூடச் செய்ய முடியாது. அது ஏழு வயதுக் குரல்.

"கை தட்டு."

சன்னாசி அந்த விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கை தட்டுங்கிறேன்ல."

"மாட்டேம்பா."

"ஏன்டா?"

"கை உங்ககிட்ட இருக்கு."