பத்தில் பழுதான ஓர் எழுத்து

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் காலையில் தோன்றியது மாலைக்குள் சட்டமாகிவிடும் நாடு ஒன்று இருந்தது. ஒருநாள் அவருடைய விசிறி உடைந்தது. அதைச் சரிசெய்ய முடியாது என்று எல்லோரும் கைவிரிக்கவே, கடையில் விற்கும் ஒவ்வொரு பொருளிலும் 'பழுதோலை' தொங்க வேண்டும் என்று ஆணையிட்டார். சுலபமாகப் பழுது பார்க்க முடிந்தால் மதிப்பு பத்து, முடியாவிட்டால் ஒன்று. ஐந்துக்குக் கீழே போனால் சந்தையில் விற்கவே கூடாது. நல்ல சட்டம்தான். ஓலை எழுதும் வேலையை மந்திரி நரசிங்கராயரிடம் கொடுத்தாரே, அங்கேதான் சறுக்கினார்.

ராயரின் மச்சான் கிணற்று ராட்டினம் செய்பவன். சக்கரத்தை இரும்புக் கூட்டுக்குள் வைத்து நாலு பக்கமும் அடைத்துவிடுவான். அதற்கு ராயர் கண்ணை மூடிக்கொண்டு 'பத்து' என்று எழுதிவிட்டார். ஓலையை நம்பி வாங்கிய சத்திரத்துச் சமையற்காரி காத்தாயிக்கு ஒரே மாதத்தில் ராட்டினம் இறுகிப்போனது. எந்தக் கொல்லனாலும் திறக்க முடியவில்லை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாள்.

ராயர் அசரவில்லை. ஓலையில் குற்றமில்லை, கொல்லர்களுக்குத்தான் வேலை தெரியவில்லை என்றார். விகடகவி எட்டியப்பன் மேல் ராஜா வைத்திருந்த பிரியம் ராயருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். அதனால், கெட்டிக்காரரான எட்டியப்பனே பழுது பார்க்கட்டுமே என்று கோத்துவிட்டார்.

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. "நாளைச் சபைக்குள் முடித்துவிடு. இல்லையேல் நாட்டை விட்டே புறப்படு" என்றார்.

எட்டியப்பன் சுத்தியல் பிடித்தே அறியாதவன். ஆனாலும் தயங்கவில்லை. "எது பழுதோ அதைச் சரிசெய்தால் போதுமா, மகாராஜா?" என்று மட்டும் கேட்டான். போதும் என்றார் ராஜா.

மறுநாள் ராட்டினத்தைக் கொண்டுவந்து சபை நடுவே வைத்தான். ராயர் ஆசையோடு இழுத்துப் பார்த்தார். சக்கரம் இம்மியும் நகரவில்லை. இவன் தோற்றான் என்று அறிவித்தார்.

எட்டியப்பன் ஓலையைக் கழற்றி ராஜாவிடம் நீட்டினான். 'பத்து' என்றிருந்த இடத்தில் இப்போது 'வெத்து' என்றிருந்தது.

"ராட்டினம் பிறவியிலேயே இப்படித்தான், மகாராஜா. பழுதாகியிருந்தது ஓலை. அதிலும் ஓர் எழுத்துதான். அதைச் சரிசெய்துவிட்டேன். இனி யாரும் ஏமாந்து வாங்க மாட்டார்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். காத்தாயிக்கும் அவளைப்போல் ஏமாந்தவர்களுக்கும் திறந்து மூடக்கூடிய ராட்டினம் தரும்படி மச்சானுக்கு உத்தரவு போனது. பிறகு ராயரைக் காட்டி, "இவரையும் பழுது பார்ப்பாயா?" என்று கேட்டார்.

"இவரும் நாலு பக்கமும் அடைத்த சரக்கு, மகாராஜா. ஆளைத்தான் மாற்ற வேண்டும்."

ராஜா மறுபடியும் சிரித்துக்கொண்டே ராயரின் இடுப்பிலிருந்த எழுத்தாணியை உருவி, எட்டியப்பன் கையில் கொடுத்தார்.