பூசணிக்காய்க்கு வந்த கோபம்

ஆறு எந்தப் பக்கம் ஓடலாம் என்றுகூட அரண்மனையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த அந்தக் காலத்தில், வெள்ளாற்றூரைக் கனகவேளன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். சபைச் சுவர் முழுக்க அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் பெரிய சித்திரம் தீட்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் ராஜா தும்மக்கூட மாட்டார். மரியாதைக்காக அதன் கீழே ஒரு நெய்விளக்கை இரவும் பகலும் எரியவிட்டார்.

வருஷங்கள் போகப் போகப் பாட்டனாரின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. பாட்டனாருக்கு யார் மேலோ கோபம் என்று நினைத்தார். சேனாபதி வீரகண்டர், வாயில் வெற்றிலையும் மனதில் மந்திரி பதவியுமாக அலைகிறவர். பாட்டனாரின் பார்வை நேராக மந்திரி மங்கைபாகரின் ஆசனத்தில்தான் விழுகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். அடுத்த அமாவாசைக்குள் முகம் தெளியாவிட்டால் மந்திரி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

மந்திரியின் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். ஆட்டுக்கல்லை எப்படிக் கொண்டுபோவது என்பதே அவளுக்குப் பெரிய கவலை. மங்கைபாகரோ சந்தையிலிருந்து இரண்டு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கினார். ஒன்றைப் பாட்டனாரின் முகத்துக்குப் பக்கத்திலும், இன்னொன்றை விளக்கே இல்லாத கோடியிலும் தொங்கவிட்டார்.

அமாவாசையன்று பார்த்தால், பாட்டனார் பக்கத்துப் பூசணி கறுத்திருந்தது. மற்றது வெள்ளையாகவே இருந்தது.

"மகாராஜா, இந்தப் பூசணிக்காய்க்கு என் மேல் என்ன கோபம்?" என்றார் மந்திரி.

"பெரியவர் பக்கத்தில் இருந்தால் அதற்கும் ரோஷம் வரத்தானே செய்யும்" என்றார் வீரகண்டர்.

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அப்படியானால் வெள்ளைப் பூசணி மந்திரியின் கட்சியா என்று விசாரித்தார். மங்கைபாகர் கறுப்பை விரலில் தொட்டு ராஜாவின் மூக்கருகே நீட்டினார்.

"கோபத்தில் நெய் வாசனை வருமா, மகாராஜா?"

ராஜா முகர்ந்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அதுவும் கோபமாகத்தான் இருந்தது.

இதென்ன பெரிய விஷயம், புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும் என்றார் சேனாபதி. எதையும் முதலில் ஒரு ஓரத்தில் செய்து பார்க்க வேண்டும் என்றார் மந்திரி. சித்திரத்தின் ஓரத்தில் குடை பிடித்து நின்றவர் சேனாபதியின் சொந்தப் பாட்டனார்.

"அவர் மேலேயே தேயுங்கள். அவர் வீரர், தாங்குவார்" என்றார் வீரகண்டர்.

தேய்த்தார்கள். மூக்கு மொத்தமும் காரையோடு உதிர்ந்து கீழே விழுந்தது.

அதன் பிறகுதான் மங்கைபாகர் தன் வழியைச் சொன்னார். பஞ்சை எச்சிலில் நனைத்து மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். சபை கொதித்தது. ராஜவம்சத்து முகத்தில் துப்பச் சொல்கிறான் என்று வீரகண்டர் வாளை உருவிவிட்டார்.

"மகாராஜா, சின்ன வயதில் உங்கள் முகத்தில் மை அப்பியிருந்தால் அம்மா என்ன செய்வார்கள்?"

ராஜா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"முந்தானை நுனியை எச்சிலில் தொட்டுத் துடைப்பார்கள்" என்றார்.

முதலில் பூசணியில் பார்த்தார்கள். பிறகு பாட்டனாரின் வேட்டிக் கரையில் பார்த்தார்கள். கரி வந்தது, வர்ணம் வரவில்லை. அப்புறம் ராஜாவே பஞ்சை நாவில் தொட்டு, முகத்தை ஒற்றினார். கரிக்கு அடியிலிருந்து பாட்டனார் வெளியே வந்தார். முன்பல் ஒன்று இல்லை. வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு அன்றைக்கே முற்றத்துக்குப் போனது. மந்திரிக்கு முத்துமாலையும், சித்திரத்தைக் காக்கும் பொறுப்பும் கிடைத்தன. மீதிச் சுவர் சபையின் நீளத்துக்கு இருந்தது. அதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை வீரகண்டர் வெற்றிலையை விட்டுவிட்டு, தினமும் காலையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறைய எச்சில் தர வேண்டும் என்று உத்தரவானது. தன் பாட்டனாருக்குப் புது மூக்கு வரைய அவர் அனுமதி கேட்டார். இருப்பதைக் காப்பாற்றினால் போதும், இல்லாததை வரைய வேண்டாம் என்று ராஜா சொல்லிவிட்டார்.

அன்று மந்திரி வீட்டில் வெள்ளைப் பூசணியில் கூட்டு. ஆட்டுக்கல் இருந்த இடத்திலேயே இருந்தது.