ஜாடியின் அடி வெறும் மண்ணான கதை

அந்தக் காலத்தில் மண்ணும் பேசும், நெருப்பும் பேசும். வாயை மூடிக்கொண்டிருந்தது கல் ஒன்றுதான். அப்போது கடற்கரையோரம் அங்காயி என்று ஒருத்தி பானை வனைந்துகொண்டிருந்தாள். அவள் மெழுகிய தரையில் ஒரு விரல் அகலம்கூட விட்டுப்போயிருக்காது என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமைதான் பின்னால் அவளைப் படுத்தி எடுத்தது.

அவள் புருஷன் மாடன் தோணிக்காரன். போனால் திரும்ப இரண்டு மாதம் ஆகும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள எலுமிச்சங்காயை உப்பில் ஊறப்போட்டுப் பானையில் கொடுத்தனுப்புவாள். அப்போது பானை என்றால் வெறும் சுட்ட மண். உப்புத்தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியே போய்விடும், உள்ளே இருப்பது பூஞ்சை பிடித்துவிடும். போன தடவை மனுஷன் வெறும் கஞ்சியைக் குடித்தே காலம் தள்ளி, எலும்பும் தோலுமாக வந்து இறங்கினான். வருகிற பௌர்ணமிக்கு மறுபடியும் தோணி கிளம்புகிறது.

அங்காயி சூளை நெருப்பிடம் போய் அழுதாள். நெருப்புக்கு மனசு இளகிவிட்டது. விறகுச் சாம்பலையும் பொடி மணலையும் களிமண்ணையும் கரைத்துப் பூசு, அதை உருக்கி ஜாடிக்குக் கண்ணாடித் தோல் போர்த்தித் தருகிறேன், அப்புறம் ஒரு சொட்டுக் கசியாது என்றது. கூடவே ஒன்று சொன்னது.

“உருகினது தொட்டதைப் பிடித்துக்கொள்ளும் தாயே. மறந்துவிடாதே.”

சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள். எங்கே காதில் ஏறியது?

இரண்டு ஜாடி வனைந்து, ஒரு தடவை சுட்டு வைத்திருந்தாள். முதல் ஜாடிக்குக் கரைசலைப் பூசி முடிக்கும்போது அது சிணுங்கியது. மேலுக்குப் பட்டு, அடிக்குக் கிழிசலா என்று கேட்டது. மெழுகுகிற கைக்கு இதைவிட என்ன வேண்டும்? கவிழ்த்துப்போட்டு அடியிலும் மொழுமொழுவென்று பூசி, சூளைக்குள் பலகைக்கல்லின் மேல் உட்கார வைத்தாள்.

சூளை ஆறியதும் திறந்தாள். ஜாடி ஜொலித்தது. ஆசையாகத் தூக்கினாள், வரவில்லை. கண்ணாடித் தோல் உருகிக் கல்லோடு ஒட்டிப்போயிருந்தது. பிடித்து இழுத்தாள். மேலே பாதி கையோடு வந்தது, அடி கல்லோடு நின்றுவிட்டது. பௌர்ணமிக்கு இன்னும் ஐந்தே நாள். நெருப்பைத் திட்டினாள், ஜாடியைத் திட்டினாள், பேசாத கல்லையும் விடவில்லை.

ஆத்திரம் வந்தால் அவளுக்கு மெழுகத்தான் தெரியும். சாணியைக் கரைத்துக்கொண்டு மூலையிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து மெழுகி வந்தாள். வாசற்படிக்கு வந்து பார்த்தால், அவள் பாதம் இரண்டும் நிற்கிற இடம் மட்டும் மெழுகாமல் கிடக்கிறது. அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாக மெழுகுகிறோமே, நிற்கிற இடத்தை விட்டுவிட்டுத்தானே மெழுகுகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய் இரண்டாவது ஜாடிக்குப் பூசினாள். அதுவும் சிணுங்க ஆரம்பித்தது. ஈரத்துணியால் அதன் அடியைத் துடைத்துக்கொண்டே அங்காயி சொன்னாள்:

“நிற்கிற இடத்தில் நீ மண்ணாகவே இரு. மற்ற இடமெல்லாம் மினுக்கிக்கொள்.”

துடைத்த இடத்தில், பச்சை மண்ணாக இருந்தபோது பதிந்த அவள் கட்டைவிரல் தடம் தெரிந்தது. பூசியிருந்தால் மறைந்திருக்கும். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இந்தத் தடவை சூளை ஆறியதும் ஜாடி கல்லைவிட்டுச் சுலபமாக எழுந்து வந்தது. பௌர்ணமியன்று எலுமிச்சங்காயோடு தோணி ஏறியது. இரண்டு மாதம் கழித்து மாடன் கன்னத்தில் சதையோடு வந்து இறங்கினான். ஒரு சொட்டுக் கசியவில்லையாம். காலி ஜாடியைக் கவிழ்த்து அந்தத் தடத்தைக் காட்டினான்.

“வீட்டு நினைப்பு வந்தபோதெல்லாம் இதில்தான் விரலை வைத்துக்கொண்டேன்.”

அங்காயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்துதான் ஜாடி செய்கிற எவரும், பொழுதுபோக்காக நேற்றுக் கற்றுக்கொண்டவர்கூட, சூளையில் வைக்குமுன் அடியைத் துடைத்து வெறும் மண்ணாக விடுகிறார்கள், தங்கள் அடையாளத்தையும் அங்கேயே பதிக்கிறார்கள். ஊறுகாய் ஜாடியை அலமாரியில் இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருகிறதே, அது அந்த ஜாடி இன்னும் சிணுங்குகிற சத்தம்தான்.