கூடுதலாக ஒரு கட்டில்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு குரு இருந்தாள். பெயர் பூங்கோதை. வயது முப்பத்து மூன்று. வாரத்தில் ஆறு நாள் பல் மருத்துவமனையில் பல் செட் செய்வாள். ஏழாவது நாள் தெருப் பிள்ளைகள் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு உள்ளே போவார்கள். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் சந்தேகம் கேட்பார்கள்.

அந்த விளையாட்டில் எல்லாமே சதுரக் கட்டைகள். சூரியன் சதுரம், மேகம் சதுரம், மாட்டின் மூக்கும் சதுரம். மண்ணைத் தோண்டலாம், கல்லை அடுக்கலாம், ஊர் கட்டலாம், ஊருக்குள் ஆட்களை வாழவைக்கலாம். அதில் பூங்கோதைக்குத் தெரியாதது இல்லை என்பதால் பிள்ளைகள் அவளைக் குரு என்றார்கள். அவளும் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுச் சீடர் ஒருவர் வந்தார். நாற்பத்தேழு வயது. லேப்டாப்பை நெல் நிறைந்த முறம் போல இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். அவளுடைய அக்கா வீட்டுக்காரர், சிகாமணி.

"என்ன மாமா, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாத கோதை. ஊரு அழியப் போகுது."

"எந்த ஊரு?"

"இதழினி கட்டுன ஊரு."

இதழினி அவருடைய ஒரே மகள். ஒன்பது வயது. பரீட்சை லீவுக்குக் கரூர் அத்தை வீட்டுக்குப் போனவள், ஆடு கோழியை விட்டுப்போவது போல, விளையாட்டில் தான் கட்டிய ஊரை அப்பாவிடம் ஒப்படைத்திருந்தாள். பொழுது சாய்ந்தால் கேட்டைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. சிகாமணி மதில் எத்தனை கட்டை நீளம் என்று பார்க்க வெளியே போனார். திரும்பும்போது கேட்டைச் சாத்த மறந்தார். இருட்டியதும் ஜோம்பிகள் என்னும் நடைப்பிணங்கள் கும்பலாக உள்ளே வந்தன. ஊரே போய், மிஞ்சியது இரண்டு பேர். புத்தகமும் கையுமாகத் திரியும் வாத்தியார், தோட்டம் போடும் தக்காளி. இரண்டு பெயரும் இதழினி வைத்தவை.

"இதழிக்குத் தெரியுமா?"

"போன்ல கேட்டா. ஊரே திருவிழாவாட்டம் இருக்குது சாமின்னு சொல்லிட்டேன். அஞ்சரை மணி பஸ்ஸுக்கு வர்றா."

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"வாய்ல வந்துருச்சு. எப்படியாச்சும் ஒரு புள்ளையாவது அந்த ஊருல பொறக்கோணும் கோதை. ரெண்டு பேர எப்படி மூணு பேராக்கறது?"

"இதை எங்கக்காகிட்டயே கேட்டிருக்கலாமே!"

சிகாமணிக்குக் காது சிவந்தது. குரு சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைக் காட்டினாள். சீடர் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

திரையில் ஊர் விரிந்தது. ஊர் என்று சொல்வதற்கில்லை. நட்ட நடுவே செங்கல் பெட்டி போல ஒரே ஒரு கட்டடம். சுற்றிலும் மதில். அடிக்கொரு விளக்கு.

"யாரு கட்டுனது இது?"

"நான்தான். அவ போட்டு வெச்சதெல்லாம் கோணல் மாணலா இருந்துது. இடிச்சுட்டு ஒழுங்காக் கட்டுனேன்."

சிகாமணி திருப்பூர்ப் பக்கம் மில் ஆட்களுக்கு விடுதி கட்டித் தருபவர். அவர் கட்டிய இடத்தில் ஒரு பூனை படுக்கக்கூட உபரி இடம் இருக்காது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

"ஓ," என்றாள் குரு. "சோறு தண்ணி?"

"ரொட்டி மூட்டை மூட்டையாக் குடுத்தாச்சு. கேரட்டும் குடுத்தேன்."

"கட்டில்?"

"ரெண்டு பேரு, ரெண்டு கட்டில்."

"ஒறம்பரை வந்தா?"

"ஜோம்பி வந்த ஊருக்கு எந்த விருந்தாளி வரப் போறான்?"

குரு கொய்யாப்பழம் ஒன்றை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவத் தொடங்கினாள். சிகாமணி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு அரைமனதாய் மூன்றாவது கட்டிலைப் போட்டார்.

"ஆளில்லாத கட்டில். எந் தொழில்ல இப்படிப் போட்டா என்னையப் பைத்தியக்காரன்னு சொல்லுவாங்க."

"ரொட்டி போடுங்க மாமா."

போட்டார். வாத்தியாரும் தக்காளியும் ஓடிவந்து பொறுக்கினார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். இரண்டு தலைக்கு மேலும் சின்னச் சின்ன இதயங்கள் சிவப்பாய்ப் பறந்தன. சிகாமணி முட்டி போட்டு நிமிர்ந்தேவிட்டார்.

அடுத்த நொடி இதயங்கள் போய்ப் புகை கிளம்பியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள்.

"ஐயோ, சண்டை போட்டுட்டாங்களா?"

"இல்ல. எடத்தைப் பாத்தாங்க. ஒத்து வரல."

"எடத்துக்கு என்ன கேடு? மதில் இருக்குது, வெளக்கு இருக்குது!"

"இருக்குதே," என்றாள் குரு. கொய்யா நன்றாக இருந்தது.

சிகாமணி கட்டிலின் நிறத்தை மாற்றிப் பார்த்தார். பூந்தொட்டி வைத்தார். வாத்தியாருக்குப் பிடிக்குமென்று ஒரு புத்தக அலமாரி வைத்தார். ஒவ்வொரு தடவையும் இதயம் வந்தது, புகையாய்ப் போனது. நடுவில் மனைவி கனகமணி போனில் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாளாம். மகளை நேராக இங்கேயே கூட்டி வருகிறாளாம்.

"கோதை, மானம் போகுது. நீயே ஒரு புள்ளையக் கொண்டாந்து விட்டுரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"விடலாம். அப்புறம் அது எங்க இருக்கும்?"

குரு கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அந்த மூணாவது கட்டில் மேல ஏறுங்க."

"நான் எதுக்கு ஏறோணும்?"

"ஏறிக் குதிங்க."

"குதிக்கவா? கட்டில் படுக்கறதுக்குத்தானே?"

"சீடனா வந்தீங்களா, மாமனா வந்தீங்களா?"

சிகாமணி விசையைத் தட்டினார். திரையில் அவருடைய சதுர உருவம் கட்டிலுக்கு முன்னால் போய் முட்டி நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி முட்டியது. ரயில் பெர்த் போலக் கட்டிலுக்கு மேலேயே கூரையை இறக்கியிருந்தார். ஆள் படுக்கலாம், புரளலாம். அவ்வளவுதான்.

"ஏற முடியல."

"ஏன்?"

"தல இடிக்குது."

சுவர்க் கடிகாரம் ஐந்தரையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"தூங்கறவனுக்கு எதுக்கும்மா உசரம்?" என்று கேட்டார் சிகாமணி. கேட்டுவிட்டு, குருவைப் பார்த்தார். குரு திரையைப் பார்த்தாள். அவரும் திரையைப் பார்த்தார். அங்கே வாத்தியார் தனியாக மதிலோரம் நின்றிருந்தார்.

சிகாமணி சுத்தியல் எடுப்பது போல மவுஸைப் பிடித்தார். கூரையைப் பிரித்தார். முதல் கட்டை விழுந்தபோது அவர் முகம் சுளித்தது. நாலைந்து விழுந்ததும் சதுர வானம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் கட்டில்கள் பளிச்சென்று இருந்தன. பிறகு அவருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. மூன்று கட்டிலுக்கும் மேலே மடமடவென்று பிரித்தார். புதுக் கூரையை உயரத்தில் கோத்தார். கையில் கல் தீர்ந்தது, மரத்தை வைத்தார். மரமும் தீர்ந்தது, வைக்கோலை வைத்தார். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, பார்ப்பதற்குக் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது.

"கோணலா இருக்குது," என்றார்.

"ஆமா," என்றாள் குரு சந்தோஷமாக. "இப்ப ரொட்டி போடுங்க."

இதயங்கள் பறந்தன. சிகாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். புகை வரவில்லை. வாத்தியாருக்கும் தக்காளிக்கும் நடுவே, பெரிய தலையும் சின்ன உடம்புமாக ஒரு குழந்தை நின்றது.

நிற்கக்கூட இல்லை. ஒரே ஓட்டமாகக் கட்டடத்துக்குள் ஓடி, மூன்றாவது கட்டிலில் ஏறி, குதிக்கத் தொடங்கியது. டங்கு டங்கென்று குதித்தது. இறங்கி ஒரு சுற்று ஓடி வந்து மறுபடியும் குதித்தது.

சிகாமணி சிரித்தார். தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் இதழினி உள்ளே ஓடிவந்தாள்.

"அப்பா, ஊரைக் காட்டு! திருவிழான்னியே!"

எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"வாத்தியார் இருக்காரு. தக்காளி இருக்குது. மத்தவங்க எங்கப்பா?"

சிகாமணி குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு கொய்யாத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற அக்காவிடம் போய்விட்டாள்.

"கேட்டைச் சாத்த மறந்துட்டேன் சாமி. அப்பா பொய் சொல்லிட்டேன்."

இதழினியின் உதடு பிதுங்கியது. அழுகை கண் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது கூரைக்குக் கீழே ஏதோ எழும்பி இறங்குவதைப் பார்த்தாள்.

"அது யாரு?"

"புதுசு. பேரு இன்னும் வெக்கல. நீ வந்துதான் வெக்கோணும்னு..."

"அப்பா! கட்டில்ல குதிக்குதுப்பா!"

"ஆமா சாமி."

"சோளப்பொரி!" என்று கத்தினாள் இதழினி. "அது பேரு சோளப்பொரி!" கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். "இன்னொரு கட்டில் போடுப்பா. சோளப்பொரிக்குத் தம்பி வேணும்."

சிகாமணி நாலாவது கட்டிலைப் போட்டார். யாரும் சொல்லாமலே முதலில் கூரையைத் தூக்கினார்.

குரு திரும்பி வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சீடர் கேட்டார்.

"கோதை, ஒரு சந்தேகம். இந்த நாலாவதுக்கும் ஆள் வந்துட்டா?"

"அஞ்சாவதைப் போடுங்க."

"அதுக்கும் வந்துட்டா?"

"ஆறாவது."

"அப்ப என்னைக்குப் பாத்தாலும் இந்த ஊருல ஒரு கட்டில் காலியாவே கெடக்குமே?"

"காலியா எங்க மாமா கெடக்குது?" என்றாள் குரு. "ஆள் வந்துட்டிருக்குது."