பதில் வராத முகவரிகள்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதில் வரும் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பேர் ஆவுடைநாயகி. பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. சிஷ்யர் தளவாய்க்கு ஐம்பத்தொன்று. அதே ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் கேபிள் இழுத்தவர். குரு சிஷ்யரை அண்ணாச்சி என்பார். சிஷ்யர் குருவை மேடம் என்பார்.

ஆறு மாதமாகத் தளவாய் அவரிடம் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதப் படித்தார். செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் அதைச் சலிக்காமல் செய்யும், அவ்வளவுதான் ஸ்கிரிப்ட். தளவாய் நன்றாகவே படித்தார். தலைக்கனம் வரும் அளவுக்கு நன்றாகப் படித்தார். படித்ததை வைத்துச் செய்ய வேண்டிய முதல் பெரிய வேலை, ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் மாட்டியிருக்கும் அத்தனை சாதனங்களையும் பட்டியல் போடுவது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பட்டியலை வைத்து நெட்வொர்க்கைப் பூட்டப் போகிறார்கள். வெளியாள் எவனும் எதையும் கொண்டுவந்து சொருகிவிடக் கூடாது என்பதற்காக. பட்டியலில் உள்ளது ஓடும். இல்லாதது எதுவாக இருந்தாலும் அந்த நிமிஷமே துண்டிக்கப்படும். ஆஸ்பத்திரியில் தவறான ஒன்று துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டியலை ஆவுடை மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார். திங்கள், செவ்வாய், புதன். மூன்று தடவையும் ஒரே வரி. 'இன்னும் சரியில்லை, அண்ணாச்சி.'

புதன்கிழமை மத்தியானம் தளவாய்க்குப் பொறுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் டிபன் பாக்ஸைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டு எழுந்தார். என்ன சரியில்லை? முன்னூற்று எண்பத்தொரு சாதனம். பேரோடு, மாடலோடு, எந்த மாடி, எந்த அறை என்பதோடு. ஸ்கிரிப்ட் ஓடும்போது திரையில் ஒரு முனகல்கூட வராது. வயதில் சின்னவள் என்று பார்க்காமல் கைகட்டி நின்று படித்ததற்கு இதுதான் மரியாதையா?

படி இறங்கும்போது இன்னொரு கோபமும் சேர்ந்துகொண்டது. ரத்த வங்கி ஜெபக்கனி. அங்கே பொறுப்பில் இருப்பவர். ரத்தம் வைக்கும் ஃப்ரிட்ஜின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே சூடு ஏறினால் அது நெட்வொர்க் வழியாக அலாரம் கொடுக்கும். அந்தப் பெட்டி பட்டியலில் இல்லை என்று ஜெபக்கனி போன வாரம் மூன்று தடவை போன் செய்தார். முதல் தடவை, பார்க்கிறேன் என்றார் தளவாய். இரண்டாவது தடவை, ஸ்கிரிப்டுக்குத் தெரியாத சாமான் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்றார். மூன்றாவது தடவை ஜெபக்கனி சத்தம் போட்டார். தளவாய் பாதியிலேயே போனை வைத்தார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. தொல்லை விட்டது என்று இருந்தார். இப்போது யோசித்தால், அந்த அம்மாள்தான் மேடத்திடம் வத்தி வைத்திருக்க வேண்டும்.

கதவைத் தட்டாமலே ஆவுடையின் அறைக்குள் போனார்.

"எதுதான் விட்டுப்போச்சுன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க மேடம். இதுக்கு மேல என்னத்தத் தேட?"

ஆவுடை கடிகாரத்தைப் பார்த்தார்.

"மொத மாடியில டாக்டர்மார் ரூம் பன்னெண்டு இருக்கு. ஒவ்வொரு கதவா தட்டி, உள்ள யாரு இருக்காவன்னு எழுதிட்டு வாங்க."

"நான் கேட்டது வேற."

"எழுதிட்டு வாங்க அண்ணாச்சி. பேசுவோம்."

தளவாய் போனார். மாடிப்படி அதிரப் போனார். காது மூக்கு தொண்டை டாக்டர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையை ஆட்டிக் காட்டினார். குழந்தை டாக்டர் உட்காரச் சொன்னார், தளவாய்க்கு உட்காரும் பொறுமை இல்லை. இரண்டு அறைகளில் தட்டித் தட்டிப் பார்த்தும் சத்தமே இல்லை. எட்டாம் நம்பர் அறை எலும்பு டாக்டருடையது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டியதுமே உள்ளிருந்து இடி விழுந்தது. அரைமணி நேரம் கண்ணை மூட விடமாட்டீர்களா, அறிவு கிடையாதா என்று கேட்டது குரல். பேர் மட்டும் எழுத வேண்டும் சார் என்று தளவாய் கதவோடு பேசிப் பார்த்தார். அடுத்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

திரும்பி வந்து தாளை மேஜையில் போட்டார். ஆவுடை எண்ணிப் பார்த்தார்.

"ஒம்பது பேருதானா?"

"ஒம்பதுதான். ரெண்டு ரூம்ல ஆள் இல்ல."

"எட்டாம் நம்பர்?"

"தொறக்கல."

"அங்கயும் ஆள் இல்லையா?"

"ஆள் இல்லாமலா அந்தப் பேச்சு பேசுதாரு? நாயை வெரட்டுத மாதிரி வெரட்டுதாரு மேடம்."

"பொறவு ஏன் எழுதல?"

"உள்ள விடாத மனுசனை என்னன்னு எழுதச் சொல்லுதீங்க?"

ஆவுடை கம்ப்யூட்டர் திரையைத் தளவாய் பக்கமாகத் திருப்பினார். தளவாயின் ஸ்கிரிப்ட் திறந்திருந்தது.

நெட்வொர்க்கில் ஒரு சாதனம் மாட்ட இடமுள்ள ஒவ்வொரு எண்ணும் ஒரு முகவரி. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முகவரியாகப் போய்க் கதவைத் தட்டும். ஆஸ்பத்திரியின் பொதுச் சாவியை, அதாவது பொதுவான பாஸ்வேர்டை, காட்டி உள்ளே நுழைந்து, நீ யார் என்று கேட்கும். கேட்டதைப் பட்டியலில் எழுதும். சரியான வேலைதான். ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தளவாய் சின்னதாக ஒரு வால் வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. எதைப் போட்டாலும் போனது போனதுதான். போகிற இடத்தில் மறுப்போ புகாரோ வந்தால் திரைக்குக் கொண்டுவராதே, அந்தக் கிணற்றில் கொட்டிவிடு என்பதுதான் அந்த வால்.

ஆவுடை ஒவ்வொரு வாலாக அழித்தார். சாவிப்பலகையில் விரல் விழுந்த வேகத்தைப் பார்த்தபோதுதான், மேடத்துக்கும் கோபம் இருக்கிறது என்று தளவாய்க்கு உறைத்தது. தன் கோபத்தைவிட அது பழையது என்றும் தோன்றியது.

"இந்த வாலை யாரு சொல்லிக் குடுத்தா?"

"நெட்டுல பாத்தேன். சத்தமில்லாம ஓடும்னு போட்டிருந்துது."

"ஓடிச்சே" என்றார் ஆவுடை, ஓட்டும் பொத்தானை அழுத்தினார்.

திரை நிறைந்து வழிந்தது. அனுமதி இல்லை. அனுமதி இல்லை. இணைப்பு மறுக்கப்பட்டது. உன் சாவி செல்லாது. அனுமதி இல்லை. அறுபத்துநாலு முகவரிகள் அப்படிக் கத்தின. மீதியில் எத்தனை நேரம் காத்திருந்தும் பதிலே வரவில்லை. தளவாய் நின்றபடியே படித்தார். இந்தச் சத்தம் இன்றைக்கு வந்தது இல்லை. ஸ்கிரிப்ட் எழுதிய முதல் நாளிலிருந்து இதே அறுபத்துநாலும் இதே மாதிரிதான் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. அவர் அதைக் கிணற்றில் கொட்டிவிட்டு, நிம்மதியாகப் பட்டியலை அச்செடுத்திருக்கிறார்.

வெட்கப்பட வேண்டிய இடம். தளவாய்க்கு வெட்கம் வருவதற்கு முன்னால் ஆத்திரம் வந்தது, சிலருக்கு அப்படித்தான். திங்கட்கிழமையே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, மூன்று நாள் அலைக்கழித்துப் பார்ப்பதில் என்ன சந்தோஷம் என்று கேட்டார். சத்தமாகவே கேட்டார். பக்கத்து அறையில் பேச்சு நின்றது.

"இந்த அறுபத்துநாலும் ஸ்கிரிப்டை உள்ள விடாது" என்றார் ஆவுடை. "நீங்கதான் நேர்ல போயி யாருன்னு கேக்கணும்."

புதன் சாயங்காலம் தொடங்கினார், வியாழன் முழுக்க நடந்தார். வாசல் கேமராக்கள், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் தூசி மூடிய ஒரு பெட்டி, எக்ஸ்ரே அறையில் அச்சு இயந்திரம், மருந்துக்கடையில் டோக்கன் காட்டும் பலகை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்து எழுதினார். எழுத எழுதக் கோபம் குறையவில்லை, இடம்தான் மாறிக்கொண்டே வந்தது. அறுபத்துமூன்று முடிந்தது. கடைசி ஒன்றைத் தெரிந்தேதான் கடைசிக்கு வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ரத்த வங்கிக்குப் போனார். பதிலெல்லாம் தயார். ஜெபக்கனி ஒன்று சொன்னால் இரண்டு சொல்வதற்கு மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். வேலை எவ்வளவு, ஆள் எத்தனை, ஒரு பெட்டிக்காக இத்தனை போனா, எல்லாம்.

ஜெபக்கனி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பார்க்க வசதி செய்து கொடுத்தார். தளவாய் பெட்டியின் எண்ணை எழுதிக்கொண்டு இறங்கும்போது ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கிய நோட்டைப் பார்த்தார். மணிக்கு ஒரு வரி. தேதி, நேரம், உள்ளே எத்தனை டிகிரி, பார்த்தவர் கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்திருந்தது. ஒரு மணிநேரம்கூட விடுபடவில்லை.

"அலாரம்தான் இருக்கே. இது எதுக்கு?"

"இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல இருக்காதுல்லா சார். அதான் முன்னாலயே பழகிக்கிட்டோம்."

குரலில் சூடே இல்லை. போன வாரம் சத்தம் போட்ட குரல் இது என்று நம்ப முடியவில்லை. பட்டியலில் சேர்த்தாகிவிட்டது, அலாரம் இனி போகாது என்றார் தளவாய். சரி என்றார் ஜெபக்கனி. மணி பதினொன்று அடித்தது. ஃப்ரிட்ஜைப் பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பெண் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தளவாயும் பதிலுக்குத் திட்டிவிட்டு, தொண்டை வறண்டு, கான்டீனில் ஒரு டீயைக் குடித்து மறந்திருப்பார். யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் படியேறினார்.

பதினொன்றரைக்குப் பட்டியல் ஆவுடையின் மேஜையில் இருந்தது. நானூற்று நாற்பத்தைந்து சாதனங்கள். ஆவுடை ஒரு பக்கம் விடாமல் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே தளவாய் ஒரே வரியில் முடித்திருந்தார். 'மீதி ஐந்நூற்று எழுபத்தொரு முகவரிகள்: பதில் இல்லை. காலி.'

"ஜெபக்கனி இன்னைக்கு உங்கட்ட என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல மேடம்."

ஆவுடை போனை எடுத்தார். நெட்வொர்க்கை இன்றைக்குப் பூட்ட வேண்டாம், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தளவாய்க்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகப் பொங்கியது. மேஜையைத் தட்டினார்.

"இன்னும் என்ன மேடம்? திட்டினதைப் பூராவும்தான் தேடிப்போயி எழுதிட்டேனே. தட்டித் தட்டிப் பாத்தும் ஒரு வார்த்தை பேசாத எடத்தைக் காலின்னு எழுதாம வேற எப்படி எழுத?"

ஆவுடை பேனாவை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அப்ப ஜெபக்கனியை எங்க எழுதுவீங்க, அண்ணாச்சி?"