பாவாயியின் கால்கள்

சிலம்பக் கூடத்தில் புதுப் பிள்ளைகளுக்குக் கால்வரிசை பழக்குவது செங்கோடனின் வேலை. ஆசானின் மூத்த சீடன் அவன். "இடது! வலது!" என்று கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். கால் தப்பினால் கணுக்காலில் பிரம்பு விழும்.

பாவாயிக்குக் கணுக்கால் முழுக்கத் தழும்புதான். கம்பு சுற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கால்தான் தகராறு. சேர்ந்து எத்தனையோ மாதம் ஆகியும், இடது என்றால் வலதை வைப்பாள். வலது என்றால் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மற்றதுகள் கெக்கெக்கே என்று சிரிக்கும்.

அன்றைக்குச் செங்கோடன் அவள் அப்பனையே வரவழைத்துவிட்டான். கம்பைப் பிடுங்கி மூலையில் போட்டான்.

"கூட்டிட்டுப் போங்க. ஆடு மேய்க்கட்டும்."

அப்பன் மகளை முறைத்தான். "மானத்த வாங்கிட்டயேடி!"

பாவாயி அழவில்லை. "வேணும்னு பண்ணலீங்க. எது இடதுன்னு யோசிக்கிறதுக்குள்ள அடுத்தது சொல்லிடறாருங்க."

செங்கோடன் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆசான் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா ஆசானே, வாய! காது கேக்குது, காலு ரெண்டும் நல்லா இருக்குது. அப்புறம் என்ன? திமிருங்க!"

ஆசான் எழுந்து வந்தார். கூரையிலிருந்து ஒரு பனையோலையை உருவிக் கிழித்தார். தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்தார். பாவாயியின் முன்னால் குந்தி, ஒரு காலில் ஓலையைக் கட்டினார். மறுகாலில் துணியைக் கட்டினார். ஆசான் போய் இவள் காலைத் தொடுவதா? செங்கோடனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு, இது ஓலைக்கால். இது சீலைக்கால். இடது வலதையெல்லாம் விட்டுரு."

கம்பை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஓலைக்கால்!"

வைத்தாள்.

"சீலைக்கால்! ஓலை! ஓலை! சீலை!"

ஒரு தடவை தடுமாறினாள். குனிந்து பார்த்துச் சரிசெய்தாள். பிறகு குனியவே இல்லை. கம்பும் காலும் சேர்ந்து ஓடின. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. அப்பன் வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

செங்கோடனால் பொறுக்க முடியவில்லை.

"இது என்னங்க நியாயம்? மத்த பிள்ளைக சும்மாதானே பழகுதுக! இவளுக்கு மட்டும் ஓலையும் துணியுமா? நாளைக்குப் பந்தயத்துலயும் கட்டிக்கிட்டா நிப்பா?"

"நிக்கட்டுமே. உனக்கென்ன?"

"எனக்கென்னங்களா? ஊரு சிரிக்கும்!"

ஆசான் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"செங்கோடா, இவளுக்கு இடது வலது பிடிபடலைன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"சேந்த அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேனுங்க. என் கண்ணுக்குத் தப்புமா?"

ஆசான் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்று உயர்ந்தது.

"அன்னைக்கே தெரிஞ்சிருக்குது. அப்புறம் இத்தனை மாசம் எதுக்குடா அடிச்சே?"